அப்பா தினமும் நடந்தால் மறதி நிற்குமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற உங்கள் அப்பாவுக்கு 72 வயது. கும்பகோணத்தில் அம்மாவுடன் இருக்கிறார். 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. கடந்த ஓராண்டாகத் தெரிந்தவர்களின் பெயர்கள் சட்டென்று வருவதில்லை, சொன்னதையே மறுபடியும் சொல்கிறார். நடந்தால் மூளை இரண்டு சதவீதம் வளரும் என்று ஒரு காணொளியில் கேட்டுவிட்டு, அடிகளை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கி அனுப்பினீர்கள். அவர் அதைக் கட்டிக்கொள்ள மறுக்கிறார். அதனால் தினமும் தொலைபேசியில் வாக்குவாதம். நடந்தால் மறதி நிற்குமா, எத்தனை அடி நடக்க வேண்டும், நடை மட்டும் போதுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால், "இப்போது நான் விட்டுக்கொடுத்துவிட்டு அப்புறம் வருந்துவேனோ" என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. உடற்பயிற்சிக்கும் முதியவர்களின் மூளைக்கும் உள்ள தொடர்பு, ஒரு மகள் தன் அப்பாவோடு நாள்தோறும் சண்டை போடும் அளவுக்கு உறுதியானதா என்று கேட்கிறீர்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். 20 ஆண்டுகளுக்கு மேலாக முதியவர்களோடுதான் வேலை செய்கிறேன். இடுப்பெலும்பு முறிந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மறதி நோய் உள்ளவர்கள் ஆகியோரை எழுப்பி நடக்க வைப்பது என் தொழில். ஒருவருக்கு வந்திருப்பது வயதின் இயல்பான மறதியா, டிமென்ஷியா எனப்படும் மறதி நோயின் தொடக்கமா என்று தீர்மானிப்பது என் வேலை இல்லை. அதிலும் நேரில் பார்க்காத ஒருவரைப் பற்றி நான் எதுவும் சொல்லக் கூடாது. பயிற்சியைப் பற்றிச் செய்யப்பட்ட ஆய்வுகளைத் தொழில் காரணமாகத் தொடர்ந்து படித்து வருகிறேன் என்பதால் அந்தப் பகுதிக்கு மட்டும் பொறுப்போடு பதில் சொல்ல முடியும்.

நடையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓராண்டாக மறதி கூடுகிறது என்றால் முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நடைப்பயிற்சி அதற்கு மாற்றாகிவிடக் கூடாது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவது அடிக்கடி காணப்படுவது. அந்தக் குறை மறதியாகவும் கால் மரத்துப்போவதாகவும் வெளிப்படலாம், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, அடிக்கடி சர்க்கரை தாழ்ந்துபோவது, காது மந்தமாவது ஆகிய ஒவ்வொன்றும் மறதியைப் போலவே தோற்றமளிக்கும். சொன்னதையே திரும்பச் சொல்லும் பெரியவர்களில் சிலர், நாம் சொன்ன பதில் காதில் விழாததால்தான் திரும்பச் சொல்கிறார்கள். மறதி நோயைத் தடுப்பது பற்றி 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் ஏற்படும் மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்று கணக்கிட்டது. அதில் காது கேளாமையின் பங்கு 7 சதவீதம். உடல் உழைப்பின்மையின் பங்கு 2 சதவீதம். இது மக்கள்தொகை முழுவதற்குமான கணக்கு, தனி ஒருவருக்குப் பொருத்தக் கூடாது. ஆனாலும் நடையின் மேல் நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கையை அது சரியான அளவுக்குக் கொண்டுவரும் என்பதால் சொல்கிறேன்.

இனி அந்த இரண்டு சதவீதத்துக்கு வருவோம். அது கட்டுக்கதை இல்லை. 2011இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றிலிருந்து வந்தது. அதிகம் உழைக்காத, 55 முதல் 80 வயது வரையிலான 120 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரத்துக்கு மூன்று நாள் வேகமாக நடந்தது; தொடக்கத்தில் 10 நிமிடம்தான், வாரந்தோறும் சிறிது கூட்டி ஏழாவது வாரத்தில் 40 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். மற்றக் குழு தசைகளை நீட்டி மடக்கும் எளிய பயிற்சிகளைச் செய்தது. ஓராண்டுக்குப் பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, புதிய நினைவுகளைப் பதியவைப்பதில் பெரும்பங்கு வகிக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி நடந்தவர்களிடம் சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது; மற்றவர்களிடம் சுமார் 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. முதுமையில் அந்தப் பகுதி ஆண்டுக்கு ஒன்றிரண்டு சதவீதம் சுருங்குவது இயல்பு என்பதால் இந்த முடிவு உலகெங்கும் செய்தியானது. மூளை முழுவதும் வளர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. கட்டைவிரல் அளவுள்ள ஒரு பகுதியைப் பற்றிய செய்தி அது. காணொளிகள் சொல்லாமல் விடுகிற செய்தி ஒன்றும் அதே கட்டுரையில் இருக்கிறது. நினைவுச் சோதனையில் இரண்டு குழுக்களுமே முன்னேறின. நடந்த குழு மற்றக் குழுவைக் காட்டிலும் மேலாக முன்னேறிவிடவில்லை. அதே சோதனையை இரண்டாம் முறை எழுதும்போது யாருக்கும் சற்றுக் கை பழகிவிடும், அதுவும் இதில் கலந்திருக்கும். ஸ்கேனில் தெரிகிற மாற்றமும், ஒருவர் வீட்டுச் சாவியை எங்கே வைத்தார் என்று நினைவுகூர்வதும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவினர்தான், ஆனால் ஒரே ஆள் இல்லை.

நினைவைக் காட்டிலும் வேறொரு திறனில்தான் பயிற்சியின் பயன் சற்றுத் தெளிவாகத் தெரிகிறது. ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்றுவது, தேவையற்றதை ஒதுக்குவது, அடுத்தடுத்து என்ன செய்வது என்று திட்டமிடுவது ஆகியவற்றைச் சொல்கிறேன். 1999இல் வெளியான ஆய்வொன்றில் 60 முதல் 75 வயது வரையிலான 124 பேரில் ஆறு மாதம் நடந்தவர்கள், இத்தகைய கட்டுப்பாடு தேவைப்படும் சோதனைகளில் நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களைவிட முன்னேறினார்கள். 2010இல் கனடாவின் வான்கூவரில் 65 முதல் 75 வயதுக்குட்பட்ட 155 பெண்களிடம் எடைப் பயிற்சியை ஓராண்டு செய்து பார்த்தார்கள். 'சிவப்பு' என்ற சொல் நீல மையில் அச்சாகியிருக்கும். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். இந்தச் சோதனையில் வாரம் ஒருமுறையோ இருமுறையோ எடைப் பயிற்சி செய்தவர்கள், சமநிலைப் பயிற்சி மட்டும் செய்தவர்களைக் காட்டிலும் மேம்பட்டார்கள். சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் சாலையைக் கடக்கும்போது கூப்பிடும் குரலைப் பொருட்படுத்தாமல் வரும் வண்டியைக் கவனிப்பதற்குத் தேவைப்படுவது இதே திறன்தான்.

இவை சிறிய ஆய்வுகள். பெரிய ஆய்வுகள் வந்தபோது படம் அவ்வளவு பிரகாசமாக இல்லை. 2015இல், ஆரோக்கியமான முதியவர்களிடம் செய்யப்பட்ட 12 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு, வேக நடை போன்ற மூச்சு வாங்க வைக்கும் பயிற்சிகளால் சிந்தனைத் திறன் மேம்படுகிறது என்பதற்குச் சான்று காணவில்லை. அதே ஆண்டு, 'லைஃப்' என்ற அமெரிக்க ஆய்வின் முடிவு வந்தது. இதைத்தான் நான் குடும்பத்தாருக்கு எப்போதும் விளக்கிச் சொல்வேன், ஏனென்றால் அதில் பங்கேற்றவர்கள் என்னிடம் வருகிறவர்களைப் போன்றவர்கள்: 70 முதல் 89 வயது வரை, அதிகம் அசையாதவர்கள், நடையில் ஏற்கெனவே தளர்ந்தவர்கள், மொத்தம் 1,635 பேர். பாதிப் பேருக்கு வாரம் 150 நிமிட நடையை இலக்காக வைத்து, அதோடு வலிமை, சமநிலைப் பயிற்சிகளும் கொடுத்தார்கள். மறுபாதிப் பேருக்கு உடல்நலம் பற்றிய வகுப்புகள் நடத்தினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துச் சிந்தனைத் திறனில் இரு குழுக்களுக்கும் வேறுபாடில்லை. லேசான அறிவுத்திறன் குறைவோ மறதி நோயோ புதிதாக வந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 13.2 சதவீதம், வகுப்புக் குழுவில் 12.1 சதவீதம்; புள்ளியியலின்படி இரண்டும் சமம். 80 வயதைத் தாண்டியவர்களிடமும், தொடக்கத்தில் உடல் மிகத் தளர்ந்திருந்தவர்களிடமும் மட்டும் மேலே சொன்ன திட்டமிடும் திறனில் சற்று முன்னேற்றம் தெரிந்தது. இப்படி உட்பிரிவுகளில் தெரிகிற பயனை இன்னொரு ஆய்வு உறுதிசெய்யும் வரை நான் குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்வேன்.

ஆனால் இதே மனிதர்களின் கால்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டரை ஆண்டுக்குச் சற்று மேலாகத் தொடர்ந்து கவனித்ததில், 400 மீட்டர் தூரத்தை நடந்து கடக்க முடியாத நிலைக்கு வந்தவர்கள் வகுப்புக் குழுவில் 35.5 சதவீதம், பயிற்சிக் குழுவில் 30.1 சதவீதம். 400 மீட்டர் என்பது நம் ஊர்களில் வீட்டிலிருந்து மருந்துக்கடைக்கோ பேருந்து நிறுத்தத்துக்கோ போகும் தூரம். அதை இழப்பவர் கடைத்தெருவையும் நண்பர்களையும் சேர்த்தே இழக்கிறார்; தனிமை மூளைக்கு நல்லதில்லை என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால், நடப்பவர்களுக்கு மறதி நோய் குறைவாக வருகிறது என்று நாம் திரும்பத் திரும்பக் கேட்பது எங்கிருந்து வந்தது? மக்களைப் பல ஆண்டுகள் கவனித்துவந்த ஆய்வுகளிலிருந்து வந்தது. அவற்றில் பலவும் அப்படித்தான் காட்டுகின்றன. சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், நடக்காததால் நோய் வந்ததா, நோய் வரத் தொடங்கியதால் நடை குறைந்ததா என்பதை அவை எளிதில் பிரித்துச் சொல்ல முடியாது. லண்டன் அரசு ஊழியர்கள் 10,308 பேரை 1985 முதல் தொடர்ந்துவந்த ஆய்வு 2017இல் இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டது. நடுவயதின் உடல் உழைப்புக்கும் பிற்காலத்து மறதி நோய்க்கும் அதில் தொடர்பு தென்படவில்லை. ஆனால் நோய் கண்டறியப்படுவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பிருந்தே அவர்களின் உடல் உழைப்பு குறையத் தொடங்கியிருந்தது. என் அனுபவமும் இதற்கு ஒத்துப்போகிறது. "முன்பெல்லாம் தினமும் பூங்காவுக்குப் போவார், நிறுத்தியதிலிருந்துதான் மறதி வந்தது" என்று குடும்பத்தார் சொல்லும்போது, அவர் ஏன் நிறுத்தினார் என்று கேட்பேன். வழி குழம்பியது, நண்பர்களின் பேச்சைப் பின்தொடர முடியவில்லை, வெட்கமாக இருந்தது என்று சில சமயம் பதில் வரும். உங்கள் அப்பா நடக்க மறுப்பதைச் சோம்பலாக எடுத்துக்கொள்வதற்கு முன் இதையும் மெதுவாகக் கேட்டுப்பாருங்கள்.

பயிற்சி மூளைக்குள் என்ன செய்கிறது என்பதில் விலங்குகளிடம் கிடைத்த சான்று வலுவானது. சக்கரத்தில் ஓடிய எலிகளின் ஹிப்போகேம்பஸில் புதிய நரம்பு உயிரணுக்கள் கூடுதலாகத் தோன்றுவதை 1999இல் காட்டினார்கள். நரம்புகளை ஊட்டி வளர்க்கும் பி.டி.என்.எஃப் என்ற புரதமும் ஓட்டத்தால் கூடுகிறது. மனிதரின் முதிய மூளையில் அப்படிப் புதிய உயிரணுக்கள் குறிப்பிடத்தக்க அளவில் தோன்றுகின்றனவா என்பதே சர்ச்சையில் இருக்கிறது. 2018இல் சில வார இடைவெளியில் வெளியான இரண்டு ஆய்வுகள் நேர்மாறான முடிவுகளைச் சொன்னன. ரத்தக் குழாய்களின் வழியே கிடைக்கும் பயனைப் பற்றி எனக்கு அதிக நம்பிக்கை உண்டு. ஒழுங்கான பயிற்சி ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் குறைக்கிறது, இதில் ஐயமில்லை. ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 120க்குக் கீழே கொண்டுவர முயன்ற 'ஸ்பிரின்ட்' ஆய்வில் லேசான அறிவுத்திறன் குறைவு ஏற்படுவது 19 சதவீதம் குறைந்தது என்று 2019இல் தெரியவந்தது. மறதி நோயில் தெரிந்த குறைவு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவில்லை என்பதால், உங்கள் அப்பாவின் இலக்கு எது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவருக்குச் சர்க்கரை 15 ஆண்டுகளாக இருக்கும்போது, நடையைச் சர்க்கரைக்கான மருந்தாக நினைத்தாலே அது மூளைக்கும் செய்யும் உதவியாகிவிடும்.

நடை மட்டும் போதுமா என்று கேட்டதற்கும் இங்கேயே விடை சொல்லிவிடலாம். பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரிடம், உணவு மாற்றம், உடற்பயிற்சி, மூளைக்கான பயிற்சி, ரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கையும் சேர்த்து இரண்டு ஆண்டுகள் நடத்திய 'ஃபிங்கர்' ஆய்வில், ஒட்டுமொத்தச் சிந்தனைத் திறன் மதிப்பெண்ணின் முன்னேற்றம் ஒப்பீட்டுக் குழுவைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது. இதே போலப் பலவற்றையும் சேர்த்துச் செய்து 2025இல் முடிவு வெளியான அமெரிக்க 'பாயின்டர்' ஆய்வில் 2,111 பேர் இருந்தார்கள். கூடிப் பயிற்சி செய்து கண்காணிக்கப்பட்டவர்களும், தாங்களே பார்த்துக்கொண்டவர்களும் இரு சாராரும் முன்னேறினார்கள், கண்காணிக்கப்பட்டவர்கள் சிறிதளவு கூடுதலாக. இவற்றில் உடற்பயிற்சியின் பங்கை மட்டும் தனியே பிரித்தெடுக்க முடியாது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதைக் காட்டிலும் பலவற்றை மிதமாகச் செய்வது பலன் தருகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

மறதி நோய் ஏற்கெனவே உறுதியானவர்களின் நிலை வேறு. இங்கிலாந்தில் 494 பேரிடம் நான்கு மாதம் தீவிரப் பயிற்சி கொடுத்துப் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். உடல் தகுதி கூடியது, நோயின் வேகம் குறையவில்லை, சிந்தனைத் திறனின் மதிப்பெண் ஒப்பீட்டுக் குழுவைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. அவர்களுக்கும் நான் நடையைத் தருகிறேன். கால் வலுவுக்காகவும் மன அமைதிக்காகவும் தருகிறேனே தவிர, நினைவு திரும்பும் என்று வாக்குக் கொடுத்து ஒருபோதும் தருவதில்லை. வாக்குக் கொடுத்தால், நோய் முற்றும்போது தாங்கள் சரியாக நடக்க வைக்கவில்லை என்று குடும்பத்தார் தங்களையே நொந்துகொள்கிறார்கள். அந்த வேதனையை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். உங்கள் கடைசி வரியைப் படித்ததும் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம்.

ஆகவே உங்கள் அப்பா நடப்பதால் அவருடைய சர்க்கரை, ரத்த அழுத்தம், கால் வலு ஆகியவை மேம்படும் என்று உறுதியாகச் சொல்வேன். கவனமும் திட்டமிடும் திறனும் சிறிதளவு மேம்பட வாய்ப்புண்டு என்பேன். மறதி நோய் வராமல் தடுக்கும் என்றோ போன நினைவைத் திருப்பித் தரும் என்றோ சொல்ல மாட்டேன். தினசரிச் சண்டைக்கு இந்தச் சான்று போதாது.

அளவைப் பற்றி: உலக சுகாதார நிறுவனம் முதியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பையும், இரண்டு நாள் தசை வலுவூட்டலையும், மூன்று நாள் சமநிலைப் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. மிதமான வேகம் என்றால் நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பத்தாயிரம் அடி என்ற எண் 1960களில் ஜப்பானில் விற்கப்பட்ட அடி எண்ணும் கருவியின் விளம்பரத்திலிருந்து பரவியது. அதை அவர்மேல் சுமத்த வேண்டாம். முதல் இரண்டு வாரம் காலையில் பத்து நிமிடமும் மாலையில் பத்து நிமிடமும் போதும். வலுவுக்கு, கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கைகளை மார்பில் கட்டியபடி முப்பது விநாடியில் எத்தனை முறை முழுமையாக எழுந்து உட்கார முடிகிறது என்று அம்மாவைப் பக்கத்தில் நின்று எண்ணச் சொல்லுங்கள். 70 முதல் 74 வயது ஆண்களுக்கு 12க்குக் கீழே போனால் விழும் அபாயம் அதிகம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வரையறுத்திருக்கிறது; நம் ஊருக்கு அந்த எண் அப்படியே பொருந்தாவிட்டாலும் தொடக்கக் கணக்காக உதவும். அந்த எழுந்து உட்காருவதே பயிற்சியாகவும் ஆகும்.

சர்க்கரை இருப்பதால் மூன்று எச்சரிக்கைகள் அவசியம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது. சட்டைப்பையில் குளுக்கோஸோ இனிப்பு மிட்டாயோ இருக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், கும்பேஸ்வரர் கோயில் பிராகாரத்தை வெயிலேறிய பிறகு வெறுங்காலோடு சுற்றுவது ஆபத்து, கொப்புளம் வந்ததே தெரியாது. விடிந்தவுடன் போய்வரச் சொல்லி, வீட்டுக்கு வந்ததும் பாதங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது, அவர் நடந்துகொண்டிருக்கும்போது ஏதாவது கேளுங்கள். பதில் சொல்வதற்காக ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறாரா என்று அம்மா கவனிக்கட்டும். பேசுவதற்காக நடையை நிறுத்துகிற முதியவர்கள் அதிகம் விழுகிறார்கள் என்பதை 1997இல் ஸ்வீடனில் காட்டினார்கள். நடப்பதற்கே முழுக் கவனமும் செலவாகிறது என்பதன் அடையாளம் அது. அப்படியென்றால் தெருவில் தனியாக அனுப்பாமல், அருகிலிருக்கும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் நடையை ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கைக்கடிகாரத்தை இப்போதைக்கு மேசையிலேயே விட்டுவிடுங்கள். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் என்னிடம் வந்தார். "நடைப்பயிற்சி" என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார், ஆனால் தினமும் காலையில் பழைய சகாக்களைப் பார்க்க டிப்போ வாசலில் இருக்கும் டீக்கடைக்குப் போய்வருவது அவருக்குப் பிடித்திருந்தது. வீட்டிலிருந்து அது முக்கால் கிலோமீட்டர். அவர் மகனிடம் சொல்லி, வண்டியில் கொண்டுபோய் விடுவதை நிறுத்தச் செய்தேன், அவ்வளவுதான். 40 ஆண்டுகள் கடிதங்களோடு வாழ்ந்த உங்கள் அப்பாவுக்கும் அப்படி ஓர் இடம் இருக்கும். அடுத்த முறை பேசும்போது எத்தனை அடி நடந்தீர்கள் என்று கேட்காமல், இன்று யாரைப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்களையும், சொல்ல வந்து நின்றுபோகும் இடங்களையும் தேதியோடு ஒரு தாளில் குறித்துவையுங்கள். மருத்துவரிடம் போகும் அன்று, மாத்திரைகளின் பட்டியலோடு அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.